ஏழு கிலோவுக்குள் எத்தனை கேமரா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான். உங்களுக்கு அது பழக்கம்தான்.

மார்ச் 24 இரவு டோக்கியோ கிளம்புகிறேன். ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்த்த என் மாப்பிள்ளையை அங்கே அனுப்பி நாலு வருடம் ஆகிறது. ஜப்பானில் பள்ளிக்கூடம் ஏப்ரலில்தான் திறக்கிறது. பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்கிறாள். முதல் நாளை அங்கே ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். "அப்பா, அன்னைக்கு போட்டோ நீங்கதான் எடுக்கணும், வேற யாரும் இல்ல" என்று மகள் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. 2015இல் நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் எல்லோரும் பணம் போட்டு வாங்கித் தந்த கேமராவைத் தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். கேமரா, சின்ன லென்ஸ், நீள லென்ஸ், பிளாஷ், இரண்டு பேட்டரி, சார்ஜர், பை எல்லாம் சேர்த்து 3 கிலோ 800 கிராம். ஸ்டாண்டு தனியாக 1 கிலோ 600. என் பழைய யாஷிகா 700 கிராம். ஆக 6 கிலோ 100. விமானத்தில் கையோடு எடுத்துப் போக எனக்கு அனுமதி 7 கிலோ. மீதி 900 கிராமில் என் சட்டை, ஸ்வெட்டர், சர்க்கரை மாத்திரை எல்லாம் அடங்க வேண்டும். பெரிய பெட்டியில் இடம் கிடையாது. அது மோர் மிளகாய்க்கும் வடகத்துக்கும் நாரத்தங்காய்க்கும் ஏற்கனவே பட்டா போட்டாயிற்று.

எதை வைத்துவிட்டுப் போவது? நீங்கள் தந்ததை வைத்துவிட்டுப் போனால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சரித்திர வாத்தியாருக்குத் தூக்கம் வராவிட்டால் என்ன செய்வான்? பழைய புத்தகங்களை எடுத்தான். இதற்கு முன் கேமராவைக் கட்டித் தூக்கிக்கொண்டு தேசம் விட்டுத் தேசம் போனவர்கள் எதை எடுத்துப் போனார்கள் என்று பார்த்தேன்.

முதலில் நான் தேடிப் போனது லின்னியஸ் டிரைப் என்கிற வெள்ளைக்காரர். சென்னை ராணுவத்தில் அதிகாரி. விடுமுறையில் இங்கிலாந்து போனபோது புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, பர்மா மன்னர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். தலைவர் ஆர்தர் பேயர். குழுவில் படம் வரைய ஓர் ஓவியர் இருந்தார், கோல்ஸ்வொர்த்தி கிராண்ட் என்று பெயர். அவரோடு புகைப்படம் எடுக்க டிரைப்பையும் சேர்த்து அனுப்பினார்கள். ஐராவதி நதியில் ஏறித் தலைநகர் அமரபுரம் வரை போய் வந்தார்கள். நல்ல மழைக்காலம். டிரைப்புக்கு உடம்பும் சரியில்லை. அப்படியும் இருநூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அவற்றில் 120ஐப் பொறுக்கி, ஐம்பது தொகுப்புகளாகப் பிரிண்ட் போட்டார். 120ஐ 50ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் காயவைத்து எடுக்க வேண்டிய பிரிண்ட்.

அந்தக் காலத்தில் கேமராவில் உருப்பெருக்கிப் பிரிண்ட் போடும் வசதி கிடையாது. படம் எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவுக்கு நெகட்டிவ் இருக்க வேண்டும், நெகட்டிவ் அளவுக்குக் கேமரா இருக்க வேண்டும். டிரைப்பின் படங்கள் சுமாராக ஓர் அடி அகலத்துக்கு மேல். கேமரா எவ்வளவு பெரிய மரப்பெட்டியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1850களில் இரண்டு முறைகள் போட்டியில் இருந்தன. ஒன்று, ஈரக் கண்ணாடித் தகடு. தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். போகிற இடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரம் கூடவே வர வேண்டும். படம் என்னவோ துல்லியமாக வரும். இன்னொன்று, மெழுகு தடவிய காகிதம். முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளலாம், நிதானமாகக் கழுவலாம், உடையாது. துல்லியம் கொஞ்சம் குறைவு. டிரைப் பெரும்பாலும் காகிதத்தைத்தான் எடுத்துக்கொண்டார். நம் ஊர் வெயிலில் பூசிய ரசாயனம் நிமிடத்தில் காய்ந்துவிடும், மாட்டு வண்டி குலுக்குகிற குலுக்கலில் கண்ணாடி என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

எல்லோரும் அப்படி யோசித்தார்கள் என்று சொல்ல முடியாது. சாமுவேல் போர்ன் என்று ஒருவர் கண்ணாடித் தகடுகளோடுதான் இமயமலை ஏறினார். 1863இல் சிம்லாவிலிருந்து போன முதல் பயணத்திலேயே முப்பது கூலியாட்கள். 1866இல் பதினெட்டாயிரம் அடிக்கு மேல் இருக்கிற மணிரங் கணவாயில் படம் எடுத்தார். படங்கள் அற்புதம். போர்ன் பெயர் ஆல்பத்தில் இருக்கிறது, தூக்கிப் போனவர்களின் பெயர் எங்கும் இல்லை. வகுப்பில் தாஜ்மகால் யார் கட்டினார் என்று கேட்டபோது கடைசி பெஞ்சிலிருந்து "கொத்தனார் சார்" என்று சொன்ன பையன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு உன்னை வெளியே நிற்க வைத்தது தப்பு.

டிரைப்புக்கு வருகிறேன். பர்மா படங்களைப் பார்த்து, அடுத்த ஆண்டே அவரைச் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1857 டிசம்பரில் கிளம்பி 1858 ஏப்ரல் வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். வானம் வெறும் வெள்ளையாக விழுந்த இடத்தில் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார். இன்றைக்குப் பிள்ளைகள் போனில் செய்கிற வேலைதான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது எனக்கு எப்போதும் வியப்பு. விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற ராஜராஜன் காலக் கல்வெட்டைப் படம் எடுக்க வேண்டும். ஒரே படத்தில் அடங்காது. கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்து 21 நெகட்டிவ் எடுத்து, பிரிண்டுகளை ஒட்டினார். சுமார் 19 அடி நீளம். இந்த வேலையை அரசாங்கம் நீண்ட நாள் தொடரவிடவில்லை. கவர்னர் டிரெவெல்யனுக்கு இது ஆடம்பரச் செலவாகப் பட்டது. டிரைப்பின் பதவி போயிற்று.

தஞ்சைப் பெரிய கோயில் என்றதும் உங்களில் ஒரு வகுப்புக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். 1994 ஜனவரி, ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா. அந்தப் படங்களைப் பற்றி முப்பது வருடமாக நான் உங்களுக்குச் சொல்லி வந்தது பொய்.

"ஸ்டூடியோக்காரன் கழுவும்போது கெடுத்துட்டான்" என்று சொன்னேன் அல்லவா? யாரும் கெடுக்கவில்லை. அந்தச் சுற்றுலாவுக்காக என் யாஷிகாவோடு ஒரு நண்பரிடம் நீள லென்ஸும், இன்னொருவரிடம் பிளாஷும் ஸ்டாண்டும் இரவல் வாங்கி வந்திருந்தேன். சாமான்கள் புதுசு, எனக்குப் பெருமை வேறு. நந்தி மண்டபத்தருகே லென்ஸை மாற்றுவதிலும் ஸ்டாண்டை நிமிர்த்துவதிலும்தான் என் புத்தி இருந்தது. புது ரோல் மாட்டியவன், அதன் நுனி பற்சக்கரத்தில் பிடித்ததா என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுக்கும்போது இடது பக்கக் குமிழ் சுழல வேண்டும். சுழன்றால் ரோல் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு தடவைகூட அந்தக் குமிழைப் பார்க்கவில்லை. எண் மட்டும் 36 வரை ஓடியது. விமானத்துக்கு முன்னால் உங்களை நாலு வரிசையாக நிற்க வைத்து, "சிரிங்கடா" என்று அதட்டி எடுத்த படமும் அதில்தான். ஸ்டூடியோக்காரர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது ஓடவே இல்லையே" என்றார் மெதுவாக. வாத்தியார் மானம் போகக் கூடாதென்று பழியை அவர் மேல் போட்டேன். அவர் காதுக்கு அது போயிருக்கும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து, உங்களோடு நின்ற ஒருவன் பெங்களூர் நெடுஞ்சாலையில் விபத்தில் போய்விட்டான். யார் என்று உங்களுக்குத் தெரியும். பதினாறாம் நாள் கழிந்து அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "டூர்ல போட்டோ எடுத்தீங்களாமே சார், அதுல எம்புள்ள இருப்பான் இல்ல?" என்று கேட்டார். அவர்கள் வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட இல்லை. நான் அவரிடமும் ஸ்டூடியோக் கதையைத்தான் சொன்னேன்.

சரி. புத்தகத்துக்குத் திரும்புகிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

டோக்கியோ என்றதும் எனக்கு நினைவு வந்தவர் ஏ.கே. செட்டியார். உலகம் சுற்றிய தமிழர் என்று உங்களுக்குப் பாடத்தில் நான் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு டோக்கியோ போய்ப் புகைப்படக்கலை படித்தார், அங்கிருந்து நியூயார்க் போய் அங்கேயும் படித்தார். இரண்டு கண்டத்தில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட தமிழர் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

1937 அக்டோபர் 2, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகிற கப்பலில் இருந்தார். காந்தியின் பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே தோன்றியது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை.

இப்போது நான் என் தராசோடு உட்கார்ந்து யோசித்தது இதுதான். அவர் எந்தக் கேமராவை எடுத்துப் போயிருக்க வேண்டும்? காந்தி தென்னாப்பிரிக்காவுக்குப் போனது 1893, அங்கிருந்து கிளம்பியது 1914. அப்போது செட்டியார் இரண்டு வயதுக் குழந்தை. தண்டிக்கு நடந்த 1930இல் அவருக்கு 18 வயது. 1931இல் காந்தி லண்டனுக்கு வட்டமேஜை மாநாட்டுக்குப் போனபோது மேல்நாட்டுச் செய்திப்படக்காரர்கள் சுற்றி நின்று எடுத்தார்கள். அந்த நாட்கள் எல்லாம் முடிந்துபோனவை. உலகத்திலேயே உயர்ந்த கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு போனாலும் அவற்றில் ஒரு நொடியைத் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் அவர் எடுக்கப் போகவில்லை, தேடப் போனார். மூன்று வருடத்துக்குள் சுமார் ஒரு லட்சம் மைல், நாலு கண்டம். முப்பது வருட காலத்தில் நூறு பேர் வரை எடுத்து, எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். புதிதாக எடுக்க வேண்டியதையும் எடுத்தார். இங்கே இந்தியாவில் எடுத்ததில், பாரிஸில் பயின்று வந்த பி.வி. பதி போன்ற கைதேர்ந்த ஒளிப்பதிவாளரின் துணை இருந்தது. தானே கேமரா படித்தவர், அடுத்தவர் எடுத்ததைக் கும்பிட்டு வாங்கினார். அதில்தான் அவருடைய பெருந்தன்மை தெரிகிறது எனக்கு.

சேர்த்த படச்சுருள் 50,000 அடி. கணக்குப் போடுவோம். 35 மில்லிமீட்டர் சுருள், பேசும்பட வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று தகர டப்பாவோடு இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அப்படி ஐம்பது டப்பா அடுக்கினால் நூறு கிலோவைத் தாண்டும். ஆக அந்தப் பயணத்தில் பாரம் போகும்போது இல்லை, திரும்பும்போதுதான். அதுவும் சாதாரணப் பாரம் கிடையாது. அந்தக் காலச் சுருள் நைட்ரேட்டில் செய்தது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். 1939 செப்டம்பரில் உலகப் போரும் வந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் காந்தி படம் வைத்திருப்பவன் போலீசுக்கும் பயப்பட வேண்டும்.

அதையெல்லாம் தாண்டி 12,000 அடியாக வெட்டிச் சேர்த்து, 1940 ஆகஸ்ட் 23 அன்று தமிழில் வெளியிட்டார். இரண்டேகால் மணி நேரம் ஓடியிருக்கும். தெலுங்கிலும் வந்தது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வந்தது. இன்றைக்கு அந்தத் தமிழ்ப் படம் கிடைக்கவில்லை. ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்றை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து தேடி எடுத்தவர் ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி. ஊர் ஊராகச் சுருள் தேடியவரின் படத்தை, அதே மாதிரி இன்னொருவர் தேட வேண்டியதாயிற்று.

பிறகு செட்டியார் 1943இல் 'குமரி மலர்' ஆரம்பித்தார். 1983இல் காலமாகும் வரை அதுதான் அவர் வாழ்க்கை. அதிலும் அவர் வேலை பாதி இதேதான். யாரோ எப்போதோ எழுதி மறந்துபோன கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சிடுவது.

இதைப் படித்து முடித்த அன்று மாலை, நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இங்கே பக்கத்துக் கம்பெனியில் போன் கேமரா சோதிக்கிற பிரிவில் இருக்கிறாள். நம் ஊரைச் சுற்றி நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது, 2014இல் நின்றது. பிறகு சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் செய்கிறார்கள். நம் பிள்ளைப்பாக்கத்திலேயே சிப்காட் வந்து, நாம் மாடு மேய்த்த வெளியில் ஷிப்ட் பஸ் ஓடுகிறது. டேபிளில் பரப்பி வைத்திருந்த என் சாமான்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"சார், இதெல்லாம் எதுக்கு? போன் போதாதா?"

"நீ செய்யற போன்ல எடுத்தா நல்லா வருமா?"

"சூப்பரா வரும் சார். ஆனா நான் எடுத்ததில்ல. எங்க கேட்லயே எங்க போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. வெளிய வந்துதான் பிரிக்கணும்."

நாள் முழுக்கக் கேமரா சோதிக்கிறவளின் கேமராவுக்கு ஸ்டிக்கர். கம்பெனி ரகசியம், நியாயம் இருக்கலாம். போர்னின் கூலியாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அவளையும் அவள் அம்மாவையும் வாசலில் நிற்க வைத்து, உங்கள் கேமராவில் நாலு படம் எடுத்துக் கொடுத்தேன்.

முடிவு இது. உங்கள் கேமராவும் சின்ன லென்ஸும் என்னோடு டோக்கியோ வருகின்றன. நீள லென்ஸ், பிளாஷ், ஸ்டாண்டு மூன்றும் பீரோவில் இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பேத்திக்கும் எனக்கும் நடுவில் நீள லென்ஸ் வேண்டிய தூரம் இருக்கக் கூடாது என்பது என் ஆசை. யாஷிகாவும் வரவில்லை. இப்போது சில விமான நிலையங்களில் வைத்திருக்கிற புது ஸ்கேனர்களில் போட்டால் கழுவாத ரோல் கெட்டுப்போகுமாம். ஒரு ரோல் கெடுத்தது போதும். வெளிநாடு போகிற உறவினர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உபரி பேட்டரியைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான் வைக்க வேண்டும். விலை உயர்ந்த கேமரா என்றால் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது இங்கிருந்து போனதுதான் என்று வாதாட வேண்டியிருக்காது.

இனி, 1994 வகுப்புக்கு மட்டும்.

தஞ்சாவூரில் கேமரா வைத்திருந்தது நான் ஒருவன் மட்டும் இல்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது. உங்களில் ஒரு பெண் மாமா வாங்கித் தந்த ஹாட்ஷாட் கேமரா கொண்டு வந்திருந்தாள். பஸ்ஸிலேயே பிலிமை வீணாக்காதே என்று நான் அதட்டினேன். வேறு யாராவதும் வைத்திருந்திருக்கலாம். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், அம்மா வீட்டு ஆல்பத்தில் தேடிப் பாருங்கள். கோயில்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. பஸ் ஜன்னலாக இருக்கட்டும், கல்லணையில் புளியோதரைப் பொட்டலம் பிரித்த இடமாக இருக்கட்டும், ஓரத்தில் அரை முகம் விழுந்திருந்தாலும் போதும்.

கிடைத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், படம் சுருங்கிவிடும். நெகட்டிவ் இருந்தால் அதையே கொண்டு வாருங்கள். அந்த ஸ்டூடியோக்காரரின் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார். நானே எடுத்துப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன், அவரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அந்த அம்மா ஏரிக்கரைத் தெருவில் அதே வீட்டில்தான் இருக்கிறார். 24ஆம் தேதி வரை சாயங்காலங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன்.